பர்காதாரின் ஓட்டு எங்கே போனது?

மேற்கு வங்கத்தில் 2006 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி தலைமையிலான இடது முன்னணி 294 இடங்களில் 235-ஐ வென்றது. பதிவான ஓட்டில் ஏறக்குறைய பாதி அதற்கு விழுந்தது. 13 ஆண்டு கழித்து, 2019 மக்களவைத் தேர்தலில், அதே முன்னணியின் ஓட்டு 8 விழுக்காட்டுக்கும் கீழே போனது. போட்டியிட்ட 40 தொகுதிகளில் ஜாதவ்பூரில் மட்டும்தான் டெபாசிட் மிஞ்சியது. 2021-ல் சட்டமன்றத்தில் ஒரு இடதுசாரி உறுப்பினர்கூட இல்லை. சுதந்திர இந்தியாவில் வங்கச் சட்டமன்றம் அப்படி அமைந்தது அதுவே முதல் முறை.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் தொழிலுக்காக அரசு நிலம் எடுக்கப் போய் எதிர்ப்பு வெடித்த இரண்டு ஊர்ப் பெயர்கள்தான் பதிலாக வரும்: சிங்கூர், நந்திகிராம். அந்தப் பதில் பாதிதான் சரி. 2011-ல் ஆட்சியை இழந்தபோதுகூட முன்னணிக்குச் சுமார் 41 விழுக்காடு ஓட்டு இருந்தது. சிங்கூரும் நந்திகிராமும் நடந்து முடிந்து, எதிரணி முழுவதும் ஒன்றுசேர்ந்து நின்று, 34 ஆண்டு ஆட்சியின் சலிப்பும் கூடியிருந்த தேர்தலிலும் பத்தில் நான்கு பேர் செங்கொடியை விடவில்லை. அந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு மேல் அடுத்த எட்டு ஆண்டுக்குள் போய்விட்டார்கள். சிங்கூர் அதை விளக்காது.

நடந்தது இரண்டு வெளியேற்றம். இரண்டுக்கும் காரணம் வேறு, போய்ச் சேர்ந்த இடமும் வேறு. முதலில் போனவர்கள் கட்சி தங்களைக் கைவிட்டதாக நினைத்தார்கள். பிறகு போனவர்களோ, தங்களைக் காப்பாற்றும் பலம் கட்சிக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், என்ன செய்தால் அந்த ஓட்டு திரும்பும் என்ற பேச்சும் எப்போதும் குழப்பத்திலேயே முடிகிறது.

அந்த ஓட்டு முதலில் எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். வங்கத்தில் பர்காதார் என்றால் அடுத்தவர் நிலத்தை உழுது விளைச்சலில் பங்கு கொடுப்பவர். நம் பக்கம் வாரத்துக்குச் சாகுபடி செய்வது என்பார்களே, அதுதான். சட்டம் 1955-லிருந்தே இருந்தது. உழுபவரே விதை, உரம், மாடு எல்லாம் போட்டால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு என்று 1970களின் தொடக்கத்தில் திருத்தமும் வந்தது. ஆனால் தான்தான் பர்காதார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே இருந்தது. வருவாய்த்துறை அதிகாரி கிராமத்துக்கு வந்தால் தங்குவது நிலக்காரர் வீட்டுத் திண்ணையில். அந்தத் திண்ணை ஏறி, அந்த நிலக்காரருக்கு எதிராகவே சாட்சி சொல்ல யார் துணிவார்?

1977-ல் ஜோதி பாசு அரசு வந்ததும் முதலில் மாற்றியது இந்த இடத்தைத்தான். அடுத்தவர் நிலத்தில் உழுபவர் பர்காதார் என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்றால் அதை நிலக்காரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1978-ல் பர்கா பதிவு இயக்கம் தொடங்கியது. வேலை நடந்த முறை எளிமையானது. பர்காதார்கள் அதிகமாக இருக்கும் பகுதிகளை முதலில் குறித்துக்கொண்டார்கள். அதிகாரிகள் குழுவாகப் போனார்கள். வயல் வேலை முடிந்த பிறகு, மாலை நேரத்தில், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலேயே கூட்டம் போட்டுச் சட்டத்தை எடுத்துச் சொன்னார்கள். பிறகு வயலுக்கே போய் யார் எந்தத் துண்டை உழுகிறார் என்று சரிபார்த்தார்கள். பட்டியலைப் பொதுவில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, அதன் பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள். இறுதியில் பதிவான பர்காதார்கள் 15 லட்சத்தை ஒட்டி வந்தார்கள். இது தவிர, உச்சவரம்புக்கு மேல் எடுக்கப்பட்ட உபரி நிலம் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பட்டாவாகப் பிரிக்கப்பட்டது. இந்தியா முழுவதும் பிரிக்கப்பட்ட உபரி நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில்தான்.

அதே 1978-ல் மூன்று அடுக்கு ஊராட்சித் தேர்தல், கட்சிச் சின்னத்தோடு நடந்தது. பதிவு செய்த பர்காதாருக்கு மறுநாள் நிலக்காரர் ஆள் அனுப்பினால் பக்கத்தில் நிற்பதற்குக் கட்சிக் கிளை இருந்தது. விவசாய சங்கம் இருந்தது. ஊராட்சியில் நம்மாள் இருந்தார். காகிதத்தில் இருந்த உரிமை வயலில் செல்லுபடியானது இதனால்தான். ஓட்டும் இதனால்தான் விழுந்தது. வெறும் நன்றிக்காக யாரும் 30 ஆண்டு ஓட்டுப் போடுவதில்லை. கட்சி தோற்றால் நிலக்காரர் திரும்பி வந்துவிடுவார் என்ற நியாயமான பயம் அதில் இருந்தது. பாரம்பரிய ஓட்டு என்று நாம் சொல்வதற்குள் எப்போதும் இப்படி ஒரு பாதுகாப்புக் கணக்கு இருக்கும்.

இதில் இருந்த பலவீனங்களும் அன்றே தெரிந்தவைதான். பட்டா நிலம் ஆளுக்குச் சராசரி அரை ஏக்கர்கூட வரவில்லை. 1980களில் ஆழமில்லாத குழாய்க் கிணறும் போரோ எனப்படும் கோடை அறுவடை நெல்லும் சேர்ந்து விளைச்சலை நன்றாகவே தூக்கின. 1990களில் அந்த வேகம் குறைந்தது. உரம், டீசல் செலவு ஏறியது. அரை ஏக்கர் இரண்டு மகன்களுக்குப் பிரிந்தால் கால் ஏக்கர். 2003 வாக்கில் மாநில அரசின் நிறுவனம் ஒன்றே செய்த ஆய்வில், பட்டா பெற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினரும் பர்காதார்களில் சுமார் 14 விழுக்காட்டினரும் நிலத்தை இழந்திருந்தது தெரியவந்தது. அப்பாவுக்கு நிலப் பதிவு வாழ்க்கையையே மாற்றிய விஷயம். மகனுக்கு அது சுவரில் தொங்கும் பழைய காகிதம். அவனுக்கு வேண்டியது வேலை. திருப்பூரிலும் சென்னைக் கட்டுமான இடங்களிலும் கேரளத்திலும் நாம் பார்க்கும் வங்காள இளைஞர்களில் பலர் அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களும்தான்.

அந்த மகனுக்குக் கட்சி என்ன வைத்திருந்தது? பள்ளியில் அவன் படித்த காலத்தில் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலம் எடுக்கப்பட்டிருந்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்ற கொள்கையில் நியாயம் உண்டு. ஆனால் வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்தது. பர்காதார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. 2000-க்குப் பிறகுதான் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு முழுத் தலைமுறை பள்ளியை விட்டு வெளியே வந்திருந்தது.

தொழிற்சாலைப் பக்கம் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகள் கதவடைப்பும் திறப்புமாக இழுத்துக்கொண்டு கிடந்தன. புதிய முதலீடு வரவில்லை. சங்கத்தில் இருந்த நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற, அவர் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வந்தார். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இப்போது கட்சியைப் பார்ப்போம். கோளாறின் மையம் அங்கேதான் இருக்கிறது.

1978-ல் பர்காதாருக்கும் அதிகாரிக்கும் நடுவில் நிலக்காரர் நின்றார். கட்சி அவரை அகற்றியது. 1990களின் நடுவில் பார்த்தால் அதே நடு இடத்தில் கட்சியின் உள்ளூர்க் கமிட்டி நின்றது. ரேஷன் அட்டை, வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர், கூட்டுறவுக் கடன், வீடு கட்டும் திட்டம், மருத்துவமனைக்கு ஒரு சிபாரிசு, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, கணவன் மனைவி பிரச்சினை, எல்லாமே கட்சி அலுவலகத்துக்குப் போய்த்தான் தீர வேண்டும். அரசியல் ஆய்வாளர்கள் இதைக் கட்சிச் சமூகம் என்று குறிப்பிடுகிறார்கள். பிற மாநிலங்களில் சாதி, கோயில், பெரிய குடும்பம் என்று பல வழிகளில் நடக்கும் பஞ்சாயத்தெல்லாம் வங்கக் கிராமத்தில் ஒரே கட்சி வழியாக நடந்தது. தொடக்கத்தில் அது நல்லதாகவே இருந்தது. சாதித் தலைவரிடம் போவதைவிடத் தோழரிடம் போவது மேல்.

ஆனால் ஒரே வாசல் என்று ஆகிவிட்டால் வாசலில் நிற்பவருக்கு மதிப்பு ஏறும். ஆட்சி நீண்டதால், போராட்ட காலத்தைப் பார்த்தே இராதவர்கள்தான் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மை ஆனார்கள். கிராமத்தில் ஊராட்சித் தலைமைக்கு வந்தவர்களில் நிலமற்ற கூலிகளைவிட ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் நடுத்தர விவசாயியுமே அதிகம். இடது முன்னணி ஆட்சியில் ஆசிரியர் சம்பளம் நன்றாக உயர்ந்தது, அது சரியான செயல். அதன் விளைவு என்னவென்றால், கட்சியின் முகமாக இருந்தவர் கிராமத்தில் மாதச் சம்பளம் வாங்கும் சில பேரில் ஒருவர். மோட்டார் சைக்கிள் அவரிடம், காரை வீடு அவருடையது. கூலி உயர்வுக்காகச் சங்கம் போராட வேண்டுமென்றால் அவருடைய வயலில்தான் முதலில் போராட வேண்டும். ஆகவே கூலிப் போராட்டங்கள் மெல்ல மெல்லப் பேச்சுவார்த்தையாகச் சுருங்கின. எல்லோரும் நம்மவர்கள், எதற்குச் சண்டை என்ற நிலை. நிலமற்ற கூலிக்கும் கட்சிக்கும் நடுவே முதல் இடைவெளி அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து. வெளியே தெரியாத இடைவெளி. ஓட்டு எண்ணிக்கையில் அது பல ஆண்டு வராது, ஏனென்றால் போக வேறு இடம் இல்லை.

அதிருப்தி மேலே வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளை, உள்ளூர்க் கமிட்டி, வட்டாரக் கமிட்டி, மாவட்டக் குழு என்று அடுக்கடுக்காக அறிக்கை போகும். ஒவ்வொரு அடுக்கிலும் அடுத்த மாநாட்டில் தேர்வாக வேண்டியவர் தன் பகுதி நன்றாக இருப்பதாகவே எழுதுவார். எதிர்க்கட்சியால் முகவர் போட முடியாத வாக்குச்சாவடியில் 90 விழுக்காடு ஓட்டு விழுந்தால், அங்கே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது யாருக்குமே தெரியாது. கட்சிக்கும்தான். பயத்தால் வரும் ஓட்டும் விருப்பத்தால் வரும் ஓட்டும் எண்ணும்போது ஒரே மாதிரி இருப்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

2006-ல் அதுதான் நடந்தது. 'விவசாயம் நம் அடித்தளம், தொழில் நம் எதிர்காலம்' என்ற முழக்கத்தோடு முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா ஜெயித்தார். 235 இடங்கள் தொழில் கொள்கைக்கான ஒப்புதல் என்று படிக்கப்பட்டது. பதவியேற்பு நாளிலேயே டாடாவின் கார் ஆலை அறிவிப்பு வந்தது. ஹூக்ளி மாவட்டம் சிங்கூரில் 997 ஏக்கர், 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது.

வேலை வேண்டும் என்ற நோக்கம் தவறு இல்லை; முன்னே சொன்ன அந்த மகனுக்கு அது தேவைதான். தவறு இழப்பீட்டுக் கணக்கில் இருந்தது. நில உரிமையாளருக்கு விலை. பதிவு பெற்ற பர்காதாருக்கு அந்த விலையில் 25 விழுக்காடு. பதிவு இல்லாத பர்காதாருக்கும் அந்த நிலத்தை நம்பியிருந்த கூலிக்கும் இழப்பீட்டுப் பட்டியலில் இடமே இல்லை. 25 ஆண்டுக்கு முன் இதே கட்சி இதே மாவட்டத்தில் உழுபவரிடம் விளைச்சலில் 75 பங்கு உன்னுடையது என்று சொல்லியிருந்தது. நிலம் பணமாக மாறும் நாளில் அந்தக் கணக்கு தலைகீழாகி, உழுபவருக்கு 25 என்று ஆனது. நிலக்காரர்களில் பலர் நகரத்தில் குடியேறிவிட்டவர்கள், அவர்கள் காசோலையை வாங்கிக்கொண்டார்கள். உழுதவர் வேலிக்கு வெளியே நின்றார். கட்சிக்கு எதிராகப் பேச வேறு யாரும் தேவையில்லை, இந்த ஒரு கணக்கே போதும். இதைக் கட்சியின் விவசாய சங்கம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லித் தடுத்திருக்க வேண்டும். அது முடியாமல் போனதற்குக் காரணம், சங்கம் அதற்குள் கீழிருந்து மேலே பேசுவதை நிறுத்திவிட்டு மேலிருந்து கீழே விளக்கம் சொல்லும் அமைப்பாக மாறியிருந்ததுதான்.

நந்திகிராமில் இன்னும் மோசம். ரசாயன மண்டலத்துக்கு நிலம் எடுக்கப்போவதாக 2007 ஜனவரியில் ஹால்டியா வளர்ச்சி ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. மக்கள் சாலையை வெட்டிப் போட்டார்கள். மார்ச் 14 அன்று போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அங்கே எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதி நேற்றுவரை இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள். 2006-ல் அந்தத் தொகுதி முன்னணியில் உள்ள இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கையில் இருந்தது. 2007 நவம்பரில் கட்சி ஆட்கள் ஊரைத் திரும்பப் பிடித்தபோது, எதிர்ப்பாளர்கள் கொடுத்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்று முதலமைச்சர் பேசினார். சொந்த ஓட்டாளர்களைப் பற்றி ஒரு கம்யூனிஸ்ட் முதலமைச்சர் அப்படிப் பேசியிருக்கவே கூடாது.

இதே நேரத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. 2006 நவம்பரில், நாட்டில் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் அறிக்கை வந்தது. மாநில மக்களில் நான்கில் ஒருவர் முஸ்லிம்; ஆனால் அரசு வேலையில் அவர்களின் பங்கு ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை. கலவரமில்லாத மாநிலம் என்பதை மட்டும் வைத்து 30 ஆண்டு ஓட்டு வாங்கிவிட்டு, வேலையும் கல்வியும் கொடுக்காமல் விட்டது அதில் வெளிப்பட்டது. நந்திகிராமிலும் பாங்கோரிலும் நிலத்துக்குப் பயந்தவர்களில் கணிசமானோர் முஸ்லிம் விவசாயிகள். 2007 செப்டம்பர், அக்டோபரில் பாங்குரா, வர்தமான், வீர்பூம் மாவட்டங்களில் ரேஷன் கடைக்காரர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. தானியம் வெளிச்சந்தைக்குப் போகிறது என்பது கோபம். அந்தக் கடைக்காரர்களில் பலர் உள்ளூர்க் கட்சிக்கு நெருக்கமானவர்கள் என்பதால், கடைமீது விழுந்த அடி கட்சிமீதும் விழுந்தது.

முதல் வெளியேற்றம் இதுதான். 2008 ஊராட்சித் தேர்தலில் கிழக்கு மேதினிபூர், தெற்கு 24 பர்கனா மாவட்ட ஊராட்சிகள் கைவிட்டுப் போயின. 2009-ல் 42 மக்களவை இடங்களில் 15 மட்டுமே கிடைத்தது. 2004-ல் 35 இருந்தது. 2011-ல் சட்டமன்றத்தில் 62. தென் வங்கத்தின் முஸ்லிம் விவசாயிகளும் நிலம் போய்விடுமோ என்று பயந்த சிறு விவசாயிகளும் இந்தக் கட்டத்தில் மம்தா பானர்ஜியின் திரிணாமூல் காங்கிரஸ் பக்கம் போனார்கள். 'தாய், மண், மனிதர்' என்ற மம்தாவின் முழக்கம் இடதுசாரிகளின் பழைய முழக்கத்தையே எடுத்துக்கொண்டது. போனவர்கள் வலதுசாரிகளாகி விடவில்லை. இடதுசாரிக் கோரிக்கையை வேறு கொடியின் கீழே வைத்தார்கள், அவ்வளவுதான்.

2011-க்குப் பிறகு மிச்சம் இருந்த 41 விழுக்காட்டுக்கு என்ன ஆனது? அந்தச் சரிவைப் பற்றித்தான் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

ஆட்சி போனதும் வாசலில் நின்றவர்களில் ஒரு பகுதி உடனே கட்சி மாறியது. உள்ளூர் ஒப்பந்தக்காரர், மணல் லாரிக்காரர், வேலை வாங்கித் தருபவர் எல்லோரும் புதிய ஆட்சிக் கட்சியின் ஆட்கள் ஆனார்கள். வாசல் அப்படியே இருந்தது, மேலே கட்டிய கொடி மட்டும் மாறியது. கட்சி அலுவலகங்கள் பூட்டப்பட்டன, சில பிடிக்கப்பட்டன. கட்சியில் தங்கியவர்களோ பெரும்பாலும் ஏழைகள், மாற முடியாத அளவுக்கு வெளிப்படையாக இடதுசாரியாக இருந்தவர்கள். இவர்களுக்குத்தான் அடி விழுந்தது. 100 நாள் வேலையில் பெயர் வராது, வீட்டுத் திட்டத்தில் பெயர் வராது, அபராதம் கேட்பார்கள், குளத்து மீனைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அடி வாங்கியவர் கட்சியிடம் ஓடினால் கட்சியால் என்ன செய்ய முடியும்? 34 ஆண்டாகக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லியே பழகிய அமைப்பு அது. எதிர்க்கட்சியாக இருந்து ஊரைத் திரட்டிக் காவல் நிலையம் முன்னால் உட்காரும் பழக்கம் 1970களில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்கு வயதாகிவிட்டது. கேரளத்தில் 1982 முதல் 2016 வரை ஒவ்வொரு ஐந்தாண்டும் ஆட்சி மாறியது. தோற்றுத் தெருவுக்கு வந்து மீண்டும் ஜெயிப்பது அங்கே கட்சிக்குப் பழகிய வேலை. கூட்டுறவுச் சங்கமும் நூலகமும் ஆட்சி இல்லாத ஆண்டுகளிலும் நடந்துகொண்டிருக்கும். வங்கத்தில் அந்தப் பயிற்சி ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தது ஒரு விதத்தில் அந்தக் கட்சிக்கு வந்த நோய்.

2016-ல் காங்கிரசோடு தொகுதி உடன்பாடு வைத்தார்கள். 1970களில் காங்கிரஸ் ஆட்சியில் அடிபட்ட குடும்பங்கள் இடதுசாரி ஓட்டின் முதுகெலும்பு. அவர்களிடம் கை சின்னத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னது சுலபமான காரியமில்லை. முடிவில் 44 இடம் பெற்ற காங்கிரஸ் பிரதான எதிர்க்கட்சி ஆனது, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 26. தன் ஓட்டு அடுத்தவருக்குப் போய், அடுத்தவர் ஓட்டு தனக்கு அதே அளவு வராமல் போனதோடு, வேறொன்றும் நடந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரே சின்னத்தில் போட்ட கை ஒரு முறை வேறு சின்னத்துக்குப் போய்ப் பழகிவிட்டது. பழக்கம் உடைந்த பிறகு அடுத்த மாற்றம் அவ்வளவு கடினமாக இருக்காது.

கடைசி ஆணி 2018 ஊராட்சித் தேர்தல். 58,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 34 விழுக்காட்டில் போட்டியே இல்லை. மனுத்தாக்கல் செய்யும் அலுவலகத்தின் வாசலிலேயே ஆட்களை மறித்தார்கள். ஊராட்சியில்தான் பர்கா பதிவு உயிர் பெற்றது, அந்த ஊராட்சியில் ஒரு மனுகூடப் போட முடியாத கட்சியை நம்பி அடுத்த நாள் எப்படி வாழ்வது? தங்களை அடிப்பவர்களை யாரால் தடுக்க முடியும் என்று அந்த ஏழைகள் பார்த்தபோது, மத்தியில் ஆட்சியில் இருந்த பாரதிய ஜனதா கண்ணில் பட்டது. 'இந்த முறை ராம், அடுத்த முறை பாம்' என்று ஒரு பேச்சு ஊர்களில் சுற்றியது. பாம் என்றால் வங்க மொழியில் இடது. கட்சித் தலைமை அப்படிச் சொல்லவில்லை, மறுத்தது. ஆனால் கீழ்மட்டத்தில் பல ஊழியர்கள் அதைத் தடுக்கவும் இல்லை. 2016-ல் 10 விழுக்காடாக இருந்த பாஜக ஓட்டு 2019-ல் 40-ஐத் தொட்டது. முன்னணியோ சுமார் 26-லிருந்து 7.5-க்கு விழுந்தது.

இங்கே இந்துத்துவ அலை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆனால் அது இல்லை என்றும் சொல்ல முடியாது. தற்காலிகமாகப் போனவர் அங்கேயே தங்கியதற்கு அதுவும் காரணம். மதுவா சமூகத்தைப் பாருங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த நாமசூத்திர மக்கள். அகதிகளின் உரிமைக்காகப் போராடித்தான் இடதுசாரிகள் 1950களில் வேர் விட்டார்கள். ஆனால் மத்திய இந்தியாவின் தண்டகாரண்ய முகாம்களிலிருந்து சுந்தரவனத்து மரிச்ஜாபி தீவுக்கு வந்து குடியேறிய நாமசூத்திர அகதிகளை 1979-ல் அதே இடதுசாரி அரசு முற்றுகையிட்டு, சுட்டு, வெளியேற்றியது. வர்க்கம் என்ற ஒரே சொல்லுக்குள் சாதியை அடக்கிவிட்டதால், அந்தக் காயத்தைப் பேசக் கட்சியிடம் மொழியே இல்லாமல் போனது. குடியுரிமை தருகிறோம் என்று 2019-ல் பாஜக மதுவாக்களின் மையமான தாகுர்நகருக்கு வந்து சொன்னபோது, 40 ஆண்டாக யாரும் கேட்காத கேள்விக்கு யாரோ பதில் சொல்வதாக அவர்களுக்குத் தோன்றியது. பொங்காவ் தொகுதி பாஜகவுக்குப் போனது. மேற்கே பழங்குடி மாவட்டங்களிலும் இதே போக்குதான்.

திரிபுராவை ஒப்பிட்டால் இரண்டு வெளியேற்றத்தின் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 2018-ல் அங்கே 25 ஆண்டு ஆட்சி போனபோதும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 42 விழுக்காடு இருந்தது. ஏழாவது சம்பளக் குழு கிடைக்காத அரசு ஊழியர்கள், நீதிமன்றம் ரத்து செய்த 10,323 ஆசிரியர் பணிகள், பழங்குடித் தொகுதிகளின் கோபம் என்று காரணங்களைத் தனித்தனியாக எடுத்துச் சொல்லிவிடலாம். 2023-ல் அது 25 விழுக்காட்டுக்கும் கீழே போனது, இடையில் ஐந்தாண்டு அடியும் பூட்டிய அலுவலகங்களும். ஆட்சியை இழப்பது ஒரு நிகழ்வு. ஆட்சி இல்லாமல் ஆதரவாளரைக் காக்க முடியாமல் போவது இன்னொன்று. ஓட்டின் பெரும்பகுதி இரண்டாவதில்தான் போகிறது.

பெண்கள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மம்தா அரசின் திட்டங்களில், 2013-ல் கன்யாஸ்ரீ, 2021-ல் லக்ஷ்மீர் பண்டார் என்று பணம் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போனது. லக்ஷ்மீர் பண்டார் தொடங்கியபோது பொதுப் பிரிவுக்கு மாதம் 500 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 1,000. சில இடதுசாரி மேடைகளில் இதைப் பிச்சை என்று பேசினார்கள். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு, யார் கையையும் எதிர்பாராமல் மாதா மாதம் வரும் 1,000 ரூபாய் என்ன என்பது அந்த மேடையில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. பர்காதாரின் மனைவி பர்கா சான்றிதழில் தன் பெயரைப் பார்த்ததே அரிது. சான்றிதழ் பெரும்பாலும் ஆண் பெயரில்தான் இருந்தது. அரசு தன் பெயருக்கு எதையாவது அனுப்பிய முதல் அனுபவம் அவர்களில் பலருக்கு இதுதான். ஓட்டு அங்கே போனதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

2020 ஊரடங்கில் ஜாதவ்பூரில் உழைப்பாளர் சமையற்கூடம் திறந்தார்கள். 2021 இரண்டாம் அலையில் ரெட் வாலண்டியர்கள் என்ற இளைஞர்கள் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் அலைந்தார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் நகரத்தில் ஆக்சிஜன் கொண்டு வந்தவரும், கிராமத்தில் வட்டார அலுவலகத்துக்குத் துணையாக வர வேண்டியவரும் ஒருவரே இல்லை. வேலைத் திட்டத்தில் பெயர் விட்டுப்போன கூலிக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆள். அவர் அதே ஊரில் இருக்க வேண்டும், அடுத்த வாரமும் இருக்க வேண்டும், அடி விழுந்தாலும் இருக்க வேண்டும். 78,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் உள்ள மாநிலத்தில் அப்படிப்பட்டவர் எத்தனை சாவடிக்கு இருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதே கட்சி செய்ய வேண்டிய முதல் கணக்கு. நந்திகிராமில் 2021-ல் மீனாட்சி முகர்ஜி என்ற இளம் தலைவரை நிறுத்தினார்கள். துணிச்சலாக, வீடு வீடாகப் போய்ப் பிரச்சாரம் செய்தார். 2006-ல் முன்னணி ஜெயித்த அந்தத் தொகுதியில் அவருக்குக் கிடைத்தது சுமார் 6,000 ஓட்டு.